செங்கொடி வீடு: பழக்கத்தை வைத்து ஒருவரின் கட்சியைச் சொல்லிவிட முடியுமா?

குடியாத்தத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குச் ‘செங்கொடி வீடு’ என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்பே ஊர் வைத்த பெயர் அது. எங்கள் வாசலில் எந்தக் கொடியும் பறந்ததில்லை. தாத்தா கைத்தறி நெய்தவர். பொழுது சாய்ந்து தறியை விட்டு எழுந்ததும் நெசவாளர் சங்கத்துக்காரர்கள் நடத்திய வாசகசாலையில் போய் உட்காருவார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. அங்கே ஒருவர் தினமும் பேப்பரை உரக்கப் படிப்பார். நூல் விலை என்ன ஆகும் என்பது தாத்தாவுக்குச் சோற்றுக் கணக்கு. அதைக் காதால் கேட்டுக்கொள்ளப் போனார். சங்கம் கம்யூனிஸ்டுகள் கையில் இருந்தது. ஆகவே அங்கே உட்கார்ந்தவர் கம்யூனிஸ்ட், அவர் மகன் கம்யூனிஸ்ட், பேரன் நானும் கம்யூனிஸ்ட்.

1954இல் குடியாத்தம் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அப்போது சட்டமன்ற உறுப்பினர் இல்லை, மக்களவை உறுப்பினர். சட்டமன்றத்துக்குள் வர அவர் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் குடியாத்தம். அவரை எதிர்த்து நின்றது கம்யூனிஸ்ட் கட்சி. தாத்தா காமராசருக்கு ஓட்டுப் போட்டார். ஏன் என்று பல ஆண்டுகள் கழித்து நான் கேட்டபோது, “எம்புள்ள தறிக்குப் போவக்கூடாதுன்னுதான்” என்றார். ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதி நேரம்தான். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். அந்தத் திட்டம் காமராசர் வந்ததும் கைவிடப்பட்டது. என் அப்பா முழு நாளும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார்.

படித்து முடித்து, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை கேட்டுப் போனார் அப்பா. ஏறக்குறைய முடிவான வேலை. ஊரில் விசாரிக்க ஆள் வந்தது. டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். “அது செங்கொடி ஊடுப்பா. உள்ள உட்டீங்கன்னா நாளைக்கே சங்கம் வெப்பான்” என்று யாரோ சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கு எங்கள் மேல் பகை எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்வதாகத்தான் அவர் நம்பியிருப்பார். வேலை வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. ஒருவர் யாரோடு பழகுகிறார், எங்கே உட்காருகிறார், யார் வீட்டில் பிறந்தார் என்பதை வைத்து அவருடைய அரசியலுக்குப் பெயர் சூட்டுவதைத் ‘தொடர்பு முத்திரை’ என்று சொல்லிக்கொள்வோம். இன்று அந்தப் பெயர்கள் மாறியிருக்கின்றன: சங்கி, உபி (திமுகவின் ‘உடன்பிறப்பு’), நக்சல், பி டீம், கைக்கூலி. குத்தும் விதம் மட்டும் அதேதான். அவர் பேசியதையோ செய்ததையோ பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் குத்துவது. இப்படிக் குத்தும் முத்திரை சரியாக இருக்குமா? சரியாக இருந்தாலும் நியாயமா? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் எப்போதும் சண்டையில் முடிகிறது.

பனைமரமும் குறளும்

பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்பது நம் பக்கத்துப் பழமொழி. பெரியவர்கள் இதை எச்சரிக்கையாகச் சொல்வார்கள்: அங்கே போய் நிற்காதே. ஆனால் இந்தப் பழமொழிக்குள்ளேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது. அவன் குடித்தது பால். ஊர் சொல்வது தவறு என்று பழமொழிக்கே தெரியும்.

திருக்குறளில் சிற்றினம் சேராமை அதிகாரத்தில் 453ஆவது குறள் இன்னும் நுணுக்கமானது. ‘மனத்தானாம் மாந்தர்க் குணர்ச்சி இனத்தானாம் இன்னான் எனப்படுஞ் சொல்.’ ஒருவருக்கு உணர்வு பிறப்பது மனத்தால். ‘இவன் இப்படிப்பட்டவன்’ என்று பிறர் சொல்லும் சொல் பிறப்பது அவர் சேர்ந்த கூட்டத்தால். முத்திரை எங்கிருந்து வருகிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. மேடைகளில் இதை எடுத்து, “பார்த்தீர்களா, சேர்க்கையை வைத்து ஆளை எடை போடலாம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார்” என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த அதிகாரம் நட்பைத் தேர்ந்தெடுக்கப் போகிறவனுக்குச் சொன்ன புத்திமதி. அடுத்தவனைத் தீர்ப்பிடுகிறவனுக்குக் கொடுத்த அளவுகோல் அது அல்ல. குறளும் இரண்டைப் பிரித்துத்தான் வைக்கிறது: மனத்தில் இருப்பது ஒன்று, ஊர் சொல்லும் சொல் இன்னொன்று.

கூட்டத்துக்கு வந்தவர் எல்லாம் கட்சிக்காரரா?

சரியா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு வட்டத்தில் 5,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கட்சிக்கு 100 உறுப்பினர்கள். கடைத்தெருவில் அந்தக் கட்சியின் பொதுக்கூட்டம் நடக்கிறது. உறுப்பினர்களில் 90 பேர் வந்துவிட்டார்கள். ஆனால் கூட்டத்தில் மொத்தம் 1,500 தலைகள். பேச்சாளர் நன்றாகப் பேசுவார் என்று வந்தவர்கள், பஸ்ஸுக்காக நிற்பவர்கள், கடையை மூடிவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள், பாட்டுக் கச்சேரிக்காக வந்த பிள்ளைகள், எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு ‘என்ன பேசுறாங்கன்னு பார்ப்போம்’ என்று வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்த கணக்கு.

இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘உறுப்பினர்களில் 100க்கு 90 பேர் கூட்டத்துக்கு வந்தார்கள்.’ இது உண்மை. ‘கூட்டத்துக்கு வந்தவர்களில் 100க்கு 90 பேர் உறுப்பினர்கள்.’ இது பொய். வந்த 1,500 பேரில் உறுப்பினர்கள் 90 பேர், அதாவது 100க்கு 6 பேர். கூட்டத்தில் பார்த்த ஒவ்வொருவரையும் ‘அந்தக் கட்சி’ என்று சொன்னால் 100க்கு 94 முறை தவறு செய்வோம். முத்திரை குத்துகிறவர்கள் இந்த முதல் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறார்கள். திருப்பியது அவர்களுக்கே தெரிவதில்லை. கம்யூனிஸ்டுகள் எல்லாரும் அந்த வாசகசாலைக்குப் போனார்கள். ஆகவே வாசகசாலைக்குப் போனவர் எல்லாரும் கம்யூனிஸ்டுகள். டீக்கடையில் நடந்தது இதுதான்.

இங்கே நான் எதிர்ப்பக்கத்துக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்துக்கு வராத 3,500 பேரில் உறுப்பினர்கள் 10 பேர்தான். 350 பேருக்கு ஒருவர். வந்தவர்களிலோ ஏறக்குறைய 17 பேருக்கு ஒருவர். ஆகவே கூட்டத்தில் ஒருவரைப் பார்த்தேன் என்பது ஒன்றுமே இல்லாத செய்தி அல்ல. வராதவரோடு ஒப்பிட்டால் அவர் உறுப்பினராக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருபது மடங்கு. இருபது மடங்கு இருந்தும் அது 100க்கு 6தான். தொடர்பு என்பது ஒரு தடயம். தடயம் கிடைத்ததும் விசாரணை தொடங்க வேண்டும். நாம் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறோம்.

கரை வேட்டியும் கல்யாணப் பேனரும்

எல்லாத் தொடர்பும் ஒரே எடை உள்ளவை அல்ல. நம் ஊரில் இதை விளக்க நல்ல உதாரணம் துணியிலேயே இருக்கிறது. ஒருவர் கட்சிக் கரை போட்ட வேட்டி கட்டிக்கொண்டு நடக்கிறார் என்றால், அவர் வாய் திறந்து சொன்னதற்குச் சமம். அதைக் கடையில் கேட்டு வாங்கியவர் அவர். காலையில் எடுத்துக் கட்டியவரும் அவரே. அவரை அந்தக் கட்சிக்காரர் என்று சொன்னால் அவருக்கே மகிழ்ச்சிதான்.

கல்யாணப் பேனரில் இருக்கும் போட்டோ அப்படி இல்லை. காட்பாடியிலிருந்து வேலூர் வரும் வழியில் முகூர்த்த நாளில் பாருங்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எதுவானாலும் பேனரில் பெண் மாப்பிள்ளைக்கு மேலே ஒரு வரிசைக் கட்சி முகங்கள். வட்டச் செயலாளர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். மண்டபத்துக்குத் தண்ணீர் லாரி அனுப்பியவராக இருப்பார். பேனர் செலவை ஏற்ற மாமனுக்குச் சிநேகிதராக இருப்பார். அந்தப் படத்தை வைத்து மணமகளின் அரசியலைச் சொன்னால் என்ன சொல்வது? அவளிடம் யாரும் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

நானே இதில் ஒருமுறை தவறினேன். வேலூர் லாங்கு பஜார் பக்கத்தில் ஒரு தையல்காரர் கடையில் ஒரு கட்சியின் கொடிகள் கட்டுக்கட்டாக இருந்ததைப் பார்த்து, அவர் இன்ன கட்சி என்று மனத்தில் எழுதிக்கொண்டேன். வேறொருவரிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். அடுத்த வாரம் போனபோது வேறொரு கட்சிக் கொடி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. தேர்தல் வந்தால் அவருக்கு எல்லாக் கட்சியும் ஆர்டர் கொடுக்கும். கீழே குவிந்திருந்த வெட்டுத் துணியில் எல்லா நிறமும் கிடந்தது. நான் சொன்னதைக் கேட்டவரிடம் திரும்பப் போய் அது தவறு என்று சொன்னேன். “அப்படியா” என்றார். அவர் அதை அழித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. முத்திரையின் கெட்ட குணம் அது. வைப்பது எளிது, எடுக்க முடிவதில்லை.

ஆகவே ஒரு தொடர்பை எடை போடும்போது நான் என்னையே கேட்டுக்கொள்வது இது: அது அவர் தேடிப் போன தொடர்பா, வந்து வாய்த்ததா? தெருவும் பிறப்பும் மதமும் வந்து வாய்த்தவை. நம் பக்கத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டதும் தெருவைக் கேட்பதும், தெருவை வைத்துச் சாதியை யூகிப்பதும், சாதியை வைத்துக் கட்சியை முடிவு செய்வதும் மூன்றே நிமிடத்தில் நடந்துவிடுகிறது. காலனி என்றால் அந்தக் கட்சி, முஸ்லிம்கள் மிகுந்த மேல்விஷாரம் என்றால் இந்தக் கட்சி, இன்ன கிராமம் என்றால் இன்னொன்று. ஒருவரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமலே அவரைத் தெரிந்துவிட்டது போன்ற நிம்மதி அது. எனக்கு இதைவிடக் கசப்பான பழக்கம் வேறில்லை.

தேடிப் போன தொடர்பாக இருந்தாலும், அவர் எதைத் தெரிந்துகொண்டு போனார், அங்கே என்ன செய்தார் என்பது மிச்சம் இருக்கிறது. உட்கார்ந்தாரா, சந்தா கட்டினாரா, பொறுப்பு வகித்தாரா, முடிவெடுக்கும் இடத்தில் கைதூக்கினாரா? உட்கார்ந்ததிலிருந்து கைதூக்கியது வரை நெடுந்தூரம். ஒரு சங்கத்தின் செயலாளரிடம் அந்தச் சங்கம் செய்ததற்குக் கணக்குக் கேட்பது முழுக்க நியாயம். திண்ணையில் உட்கார்ந்தவரிடம் கேட்பது நியாயம் ஆகாது.

கோட்டையில் நடந்தது

1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். பள்ளிப் பாடத்தில் நாம் படித்ததுதான். ஆனால் நம் தலைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தால் அந்தக் கதை வேறு முகம் காட்டும்.

சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் புதிய ஆணை வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகை பார்வைக்குத் தொப்பி மாதிரி இருந்தது. தொப்பி என்றால் பறங்கி. அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால் இவன் மதம் மாறிவிட்டான் என்பார்களே என்ற அச்சம் சிப்பாய்களைப் பிடித்தது. தலையில் இருக்கும் ஒரு பொருளை வைத்துத் தன்னை வேறொரு கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் அது. தொடர்பு முத்திரையின் பயம்.

கிளர்ச்சி ஒரே நாளில் அடக்கப்பட்டது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு விசாரணைக் குழு இரண்டு காரணங்களை முன்வைத்தது. ஒன்று அந்த உடை ஆணை. இன்னொன்று, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது. கிளர்ச்சியாளர்கள் திப்புவின் புலிக்கொடியை ஏற்றியது உண்மை. குடும்பத்தில் சிலர் மேல் சந்தேகம் வந்ததற்கும் அடிப்படை இருந்தது. ஆனால் யார் சிப்பாய்களோடு பேசினார், யார் பேசவில்லை என்று ஒவ்வொருவராகப் பிரிக்கவில்லை. திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

அதே நேரத்தில் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கிரடாக் பொறுப்பேற்க வேண்டியது அவர் காலத்தில் அவர் அதிகாரத்தில் பிறந்த ஓர் ஆணைக்கு. அந்தச் சிறுவர்கள் பொறுப்பேற்றது அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதற்கு. அடுத்த முறை கோட்டைக்குப் போகும்போது, உள்ளே இருக்கும் அந்த மஹால்களின் முன்னால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தொரப்பாடிச் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

கோட்டையிலிருந்து தொரப்பாடி மத்தியச் சிறை தூரம் இல்லை. 2002 ஜூலையில் வைகோ பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டு அங்கே அடைக்கப்பட்டார். ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் தடை செய்யப்பட்ட விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. 19 மாதங்கள் சிறையில் இருந்தார். அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 2003 டிசம்பர் 16 தீர்ப்பு சட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரு கோடு கிழித்தது. பயங்கரவாதச் செயலைத் தூண்டவோ வளர்க்கவோ எண்ணம் இல்லாமல் வெறும் ஆதரவு தெரிவிப்பது அந்தப் பிரிவுகளின் கீழ்க் குற்றம் ஆகாது என்றது. வைகோவின் அரசியலை ஒருவர் வெறுக்கலாம். அந்தப் பேச்சே தவறு என்று கருதலாம். பேச்சுக்கும் குண்டுக்கும் இடையே எண்ணம் என்று ஒன்று நிரூபிக்கப்பட வேண்டும் என்பது எல்லாருக்கும் சேர்த்துக் கிடைத்த பாதுகாப்பு.

இதற்கு முன்பே ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998இல் தடா (பொடாவுக்கு முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. சதியைப் பற்றித் தெரிந்திருப்பது மட்டும் சதியில் சேர்ந்ததாகாது, அதற்கு உடன்பட்டிருக்க வேண்டும் என்ற கொள்கை அங்கே பேசப்பட்டது. ஒரு கொடிய கொலை. நாடே கோபத்தில் இருந்த வழக்கு. அதிலும் ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தபோது 26 என்பது 7 ஆனது.

2011இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. கேரளத்தில் ஒரு பல் மருத்துவர், குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்குச் சிகிச்சை அளித்ததற்காகவும் ஓர் அமைப்போடு தொடர்புடையவர் என்றும் கைதானார். அவருக்குக் கிடைத்த ஜாமீனை உறுதி செய்தபோது, சேர்க்கையால் குற்றம் என்ற கோட்பாட்டை ஏற்க மறுத்த அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 1966இல் வந்த அந்தத் தீர்ப்பின் பின்னால் இருந்தவர் அரிசோனா மாநிலத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தின் மிச்சமாக, அரசு ஊழியர்கள் எல்லாரும் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்ற சட்டம் அங்கே இருந்தது. அவர் போட மறுத்தார். அமைப்பின் சட்டவிரோத நோக்கத்தை ஏற்காமல், அந்தச் செயல்களிலும் கலக்காமல் சேர்ந்திருப்பவரால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே 2011இல் அசாம் வழக்கு ஒன்றில், தடை செய்த அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பது மட்டும் குற்றம் ஆகாது என்று நம் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் திருப்பியது. தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராகத் தொடர்வதே ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான் என்பது இன்றைய நிலை. என் மனம் 2011 பக்கம் நிற்கிறது. ஆனாலும் இன்றைய கடுமையான நிலையிலும் ஒன்றைக் கவனியுங்கள்: உறுப்பினர் என்பதையாவது அரசு நிரூபித்தாக வேண்டும். தெரிந்தவர், உறவினர், பக்கத்தில் நின்றவர் என்பது அங்கேயும் போதாது. டீக்கடையில் நாம் கேட்கும் சாட்சி அதைவிடக் குறைவு.

கட்சிகளுக்கு மட்டும் வேறு கணக்கு

தனி ஆளுக்குப் பேசியதை அப்படியே கட்சிகளுக்கும் தூக்கிக் கொடுக்க நான் தயாராக இல்லை. ஒரு கட்சி கூட்டணி வைக்கிறது என்றால் அது பேசி, பேரம் முடித்து, கையெழுத்திட்டுச் சேர்வது. அதன் பலனாகத் தொகுதிகளை வாங்கிக்கொள்கிறது. ‘நீங்கள் அவர்களோடு ஏன் நின்றீர்கள்’ என்று கேட்க வாக்காளருக்கு எல்லா உரிமையும் உண்டு. கூட்டணிக் கட்சி ஒரு மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தால் அந்த வாக்கு அதனுடையதுதான்.

இங்கேயும் பெயர் சூட்டுவதில் நிதானம் வேண்டும். 1967இல் திமுக ஆட்சியைப் பிடித்த கூட்டணியில், தனியார் தொழிலை ஆதரித்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இருந்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. முஸ்லிம் லீக்கும் இருந்தது. சேர்க்கையை வைத்துப் பெயர் வைப்பதென்றால் திமுக ஒரே நாளில் தனியார் முதலாளிகளின் கட்சியாகவும் மார்க்சியக் கட்சியாகவும் ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு திராவிடக் கட்சிகளும் வெவ்வேறு காலத்தில் காங்கிரசோடும் சேர்ந்திருக்கின்றன, பாஜகவோடும் சேர்ந்திருக்கின்றன. எங்கள் குடியாத்தம் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925இல் காங்கிரசை விட்டு வெளியேறி, அதன் பிறகு பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் பேசிய பெரியார் 1954இல் காமராசரை ஆதரித்தார். அவரைக் காங்கிரஸ்காரர் என்று யாராவது சொல்வார்களா? அவர் சேர்ந்தது ஒரு காரணத்துக்காக. என் தாத்தா போட்ட ஓட்டுக்கும் அந்தக் காரணம்தான்.

சட்டமன்ற உறுப்பினரின் வாக்கைப் பற்றியும் ஒரு சொல். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். ஆகவே அவர் அவையில் போட்ட ஓட்டு அவருடைய கட்சியின் நிலையைக் காட்டும்; அவருடைய மனத்தைக் காட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

உண்மையான முத்திரையும் வாயை அடைக்கும்

நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். முத்திரை சரியாகவே இருந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாசகசாலையில் உட்கார்ந்த 100 பேரில் 94 பேர் கம்யூனிஸ்டுகள் என்றே இருக்கட்டும். மீதி ஆறு பேரில் ஒருவர் என் தாத்தா. அவருக்கு அந்த 94 என்ன ஆறுதல்? சராசரி ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். என் அப்பாவிடம் வேலை மறுக்கப்பட்டது தனி ஒருவராக. அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அந்த 94 பேருக்கும்கூட ஓர் அநீதி நடக்கிறது. கம்யூனிஸ்டாக இருப்பது குற்றம் அல்ல. கணக்கு எழுதத் தெரிந்த கம்யூனிஸ்டுக்குக் கணக்கெழுதும் வேலை ஏன் கிடைக்கக்கூடாது? ‘நாங்கள் அந்தக் கட்சி இல்லை’ என்றே எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்படிச் சொன்னபோதெல்லாம், அந்தக் கட்சியாக இருந்தால் வேலை மறுத்தது சரிதான் என்று நாங்களே ஒப்புக்கொண்டோம். இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

இன்னொரு விதமும் உண்டு. மழைக்காலத்தில் கானாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று ஒருவர் மனுக் கொடுக்கிறார். “அவரு அந்தக் கட்சிக்காரருப்பா, அப்படித்தான் பேசுவாரு” என்று மனுவை ஓரம் வைக்கிறார்கள். அவர் அந்தக் கட்சிக்காரர் என்பது முழு உண்மையாக இருக்கலாம். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும் உண்மை. இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு நாடறிந்த முன்மாதிரி இருக்கிறது. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாழாக்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பால். வழக்குப் போட்டவர்கள் யாரோடு பழகுகிறார்கள் என்று கேட்டு அந்தத் தீர்ப்பு எழுதப்படவில்லை. கழிவுநீரையும் மண்ணையும் கிணற்றையும் பற்றிய அறிக்கைகளைப் பார்த்து எழுதப்பட்டது.

சொல்வதை எப்படிச் சொல்லலாம்

என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “அப்போ யாரைப் பத்தியும் எதுவுமே சொல்லக்கூடாதா சார்?” சொல்லலாம். ஆளுக்குப் பெயர் வைக்காமல் பார்த்ததை மட்டும் சொல்லிப் பார், என்றேன். ‘அவர் அந்தக் கட்சி’ என்பதற்குப் பதில் ‘அவரை அந்தக் கூட்டத்தில் பார்த்தேன்.’ ‘அவர் பி டீம்’ என்பதற்குப் பதில் ‘இன்ன மசோதாவில் இப்படி வாக்களித்தார், காரணம் சொல்லவில்லை.’ அவள் ஒரு வாரம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தாள். பாதி வாக்கியங்களை முடிக்கவே முடியவில்லை, ஏனென்றால் பார்த்தது எதுவும் இல்லை, எல்லாம் கேள்விப்பட்டதுதான் என்றாள்.

அன்றைக்கு டீக்கடையில் விசாரிக்க வந்தவரிடமும் அப்படிச் சொல்லியிருக்கலாம்: “அந்த ஊட்டுத் தாத்தா சாயந்தரமானா வாசகசாலையில குந்தியிருப்பாரு.” வந்தவர் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். “குந்திக்கினு இன்னா பண்ணுவாரு?”

“பேப்பர் படிப்பாங்க, கேட்டுக்கினு இருப்பாரு.”